பிந்தினோரும் புறப்பட்ட கலமும்

சிவமயம்

குறித்த நாழிகைக்கு வாராதாரை விடுத்துக் கலத்தைச் செலுத்திய மீகாமன் கருணையிலனோ? இவ்வினா சிறிது போலத் தோன்றும். ஆயினும் இதற்கு விடை காணப் புகின், ஊழும் முயற்சியும், முறையும் அருளும், செய்வினையும் நுகர்வினையும் ஆகிய இவையெல்லாம் ஒருங்கே வந்து எதிர்நிற்கக் காண்கின்றோம். செம்மநத்தம் சேர்வராயன் மலைமேல் உள்ளதோர் ஊர். கடலுக்கும் அதற்கும் தொடர்பு யாதுமில்லை. அங்கிருப்பான் ஒருவன் கலத்தைப் பற்றி எழுதுதற்குற்ற காரணம் பின்னர்ப் பெறப்படும்.

முன்னாளில் நம்மவர் பெரும்பாலும் கலமேறியது பிழைப்பின் பொருட்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மக்களை ஏற்றி இயங்கிய 'சிதம்பரம்' என்னுங் கப்பல் 1985-ஆம் ஆண்டில் தீப்பற்றியதனோடு தன் ஓட்டத்தை ஒழிந்தது. இந்நாளிலோ கலமேறுதல் களிப்பின் பொருட்டும் ஆயிற்று. 2022-ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னைத் துறையினின்றே 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கியதை அன்பர் பலர் அறிவர். இத்தகைய கப்பல்கள் வழியிடைத் துறைகளில் தங்கும். பயணிகள் கரையிறங்கி ஊர் கண்டு, குறித்த நேரத்துக்குள் மீண்டு ஏறுதல் வேண்டும். கப்பலார் தாமே அமைத்த உலாவிற் சென்றார் தாழ்ப்பின் கலம் பெரும்பாலும் காத்திருக்கும். தாமே வேறாக ஏற்பாடு செய்துகொண்டு சென்றார் தாழ்ப்பின் காத்திராது. இவ்விதி பயணிகட்கு முன்னரே அறிவிக்கப்படுவது.

இனி, நாம் ஆராயப் புகுந்த நிகழ்ச்சி வருமாறு: 2024-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள், ஆப்பிரிக்காவின் மேல்பாற் கடலில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் சாவோ தோமே என்னுந் தீவில் 'நார்வீஜியன் டான்' என்னும் உல்லாசக் கப்பல் தங்கிற்று. அதன் பயணிகளுள் எண்மர், கப்பலார் அமைத்ததன்றித் தனியே அமைத்துக்கொண்ட ஓர் உலாவிற் சென்றனர். பிற்பகல் 3 மணிக்குள் திரும்புக என்பது கப்பலின் கட்டளை. அவர்கள் திரும்புதற்குத் தாழ்த்தது. கடலோரக் காவலர் படகில் ஏறிக் கலத்தை அணுகியும் தம்மை ஏற்றிலர் என்று அவர்கள் பின்னர்க் கூறினர். கலம் சென்றுவிட்டது. மருந்தும் உடையும் கலத்துள்ளே, தாம் கரைமேலே. அவருள் முதியோரும் இருந்தனர். அவர்கள் பல நாடுகள் வழியாகச் சுற்றிக் காம்பியா நாட்டுப் பாஞ்சுல் துறையை அடைந்து கலத்தை எதிர்நோக்கினர். ஆண்டு வானிலையும் ஏற்றவற்றமும் இடந்தராமையாற் கலம் துறைபிடியாது சென்றது. மீட்டும் நிலவழியே சென்று, செனகல் நாட்டுத் தாக்கார் நகரில் ஏப்பிரல் 2-ஆம் நாள் கலமேறினர்.

இச்செய்தி உலகெங்கும் பரவியபோது, பிந்தினார் பிழையே என்று ஒரு சாராரும், மீகாமன் வன்கண்ணன் என்று ஒரு சாராரும் வழக்கிட்டனர். இவ்விருவரேயன்றி இங்கு எண்ணத்தக்கார் மூன்றாமவரும் உளர். துறைமேடையில் மூச்சிரைக்க ஓடி வருவாரை மேல்தளத்தில் நின்று கண்டு கைகொட்டி ஆர்ப்பாரும், கைப்பேசியிற் படம்பிடித்து ஊரறியக் காட்டி நகைப்பாரும் இக்கப்பல்களில் மிகுதி. பிந்தினார், மீகாமன், மேல்தளத்தார் என்னும் இம்மூவருள் குற்றம் யார்பாலது என்பதே நாம் ஆராயக்கடவது.

முதற்கண், பிந்தினாரை நோக்குவாம். "எல்லாம் வினைவழியே நிகழ்வன, தாழ்த்தலும் அவர் ஊழே, ஆதலின் அவரைக் குறைகூறுதல் தகாது" என்பாரும் நம்முள் உளர். அற்றன்று. பிராரத்தம் என்பது முன்செய் வினை இன்ப துன்பமாய் வந்து நுகரப்படுவது. நுகருங்கால் புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். இவ்விரண்டனையும் ஒன்றாக்கி, செய்யும் பிழையையெல்லாம் ஊழின் தலையில் ஏற்றுதல் சித்தாந்தம் அன்று. அது சோம்பர்க்கு அரணாவதொரு போலி. 3 மணிக்கு மீளவேண்டும் என்பது தெரிந்திருந்தது. அதனைப் பிறரொருவரது உலாவிடம் ஒப்படைத்தது தெரிந்து செய்த செயல். வழிகாட்டினான் பங்கும் அதன்கண் உண்டு. அவன் பங்கு அவனுக்கு. பாஞ்சுல் துறையில் வானிலையும் ஏற்றவற்றமும் தடுத்ததோ அவர் செயலன்று. அது வந்து பொருந்தியது. தம்மாலாயதும் தம்மேல் வந்ததும் ஆகிய இரண்டும் ஒரு பயணத்துள்ளே வெவ்வேறாகக் கிடத்தலை ஈண்டுக் காண்க.

அடுத்து, மீகாமன். காத்திருத்தல் அருளென்றும் காத்திராமை கொடுமையென்றும் கொள்ளுதல் நம் இயல்பு. யானும் நெடுங்காலம் அவ்வாறே கொண்டிருந்தேன். அக்கருத்து மாறியதற்குக் காரணம் ஏற்காட்டில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தி.

சில ஆண்டுகட்கு முன் சேலத்தில் ஒரு சைவக் கூட்டத்திற் பேசுதற்குப் புறப்பட்டேன். செம்மநத்தத்தினின்று ஏற்காடு வந்து சேலம் இறங்கும் பேருந்தைப் பிடித்தல் வேண்டும். வழியில் அன்பர் ஒருவரொடு உரையாடி நின்று காலந்தாழ்த்தேன். "புலவரையா வருகிறார், சற்றே நிறுத்துங்கள்" என்று எவரோ சொல்ல, ஓட்டுநர் கால் மணிக்கு மேலாகக் காத்திருந்தார். ஏறியமர்ந்தபோது என் உள்ளம் மகிழ்ந்தது. கல்விக்கு உலகம் செய்யும் மதிப்பு இதுவென்றுங்கூட எண்ணினேன். 20 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து வண்டி கீழிறங்குமளவும், பின்னிருக்கையில் ஒரு குழந்தை முனகிக்கொண்டே வந்தது. தோட்ட வேலை செய்யும் தாயொருத்தி காய்ச்சலுற்ற மகவைச் சேலத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்கின்றாள். மறுநாள் திரும்பும்போதும் அவளை அதே வழியிற் கண்டேன். முதல்நாள் சென்று சேர்ந்தபோது சீட்டுக் கொடுக்கும் நேரம் கடந்துவிட்டதென்றும், இரவு வெளித்திண்ணையிற் கிடந்து காலையிலேதான் மருத்துவரைக் கண்டதாகவும் சொன்னாள். குழந்தை நலமாகவே இருந்தது. வண்டி தாழ்த்தது என்பொருட்டென்பதை யான் சொன்னபோது, "இருக்கட்டுங்க சாமி" என்று மட்டும் கூறினாள். அவள் முகத்திற் சினமில்லை. அதுவே என்னை மிகவும் சுட்டது.

எனக்கு ஓட்டுநர் ஈந்த கால் மணி அவருடையதன்று, அக்குழந்தையினுடையது. பிறர் பொருளை எடுத்து ஒருவர்க்கு வழங்குதல் ஈகையாகாதவாறு போல, பிறர் காலத்தை எடுத்து ஒருவர்க்கு வழங்குதலும் அருளாகாது. பெருங்கலத்தின் நிலையும் இதுவே. அதன்கண் இருப்பார் ஆயிரக்கணக்கினர். துறைவழி காட்டும் மாலுமியும் இழுவைப் படகும் குறித்த நேரத்துக்கே அமர்த்தப்படும். அடுத்த துறையில் இடம் குறித்த நேரத்துக்கே ஒதுக்கப்படும். ஏற்றவற்றம் எவரையும் நோக்கி நில்லாது. இங்கே ஒரு நாழிகை தாழ்ப்பின் அதனை ஈடுசெய்ய விரைந்தோடி எரிபொருளை மிகச் செலவிடுதல் வேண்டும். ஆதலின் எண்மர் பொருட்டு நிற்றல் கண்ணோட்டம் போலத் தோன்றினும், அது கலத்துள்ளார் அனைவர்மேலும் சுமத்தும் சுமையாம்.

அற்றேல், முறையொன்றே போதும், அருள் வேண்டாவோ எனின், ஈண்டே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அக்கப்பலார் புறப்படுமுன் வாராதாருடைய கடவுச்சீட்டுகளை எடுத்துத் துறையிலுள்ள தம் முகவரிடம் ஒப்புவித்துச் சென்றனர். அஃதின்றேல் அவ்வெண்மரும் ஒரு நாட்டினின்று மற்றொரு நாட்டிற்கு அடிபெயர்த்தல் இயலாது. கலம் நின்றிலது, ஆயினும் கலத்தைத் தொடர்ந்து வருதற்குரிய கருவி கரையில் நின்றது. பின்னும், பாஞ்சுலில் துறைபிடியாமை தம்பாலதாதலின், ஆண்டிருந்து தாக்கார் செல்லும் வழிச்செலவைத் தாமே தருவதாகக் கப்பலார் அறிவித்தனர். அதற்கு முன்னைய செலவைப் பிந்தினாரே ஏற்க விடுத்தனர். அவரவர் வினை அவரவர்க்கு என்னும் வரையறை இதனினும் தெளிவாக உலகியலிற் காண்டல் அரிது.

ஒறுத்தலும் அன்பின் செயலே என்பதற்குத் தந்தை தாயர் மக்களை ஒறுத்தலைச் சிவஞான சித்தியார் எடுத்துக்காட்டுதல் கற்றாரறிவர். அறக்கருணை, மறக்கருணை எனக் கருணை இருவகைத்தாயினும் அதன் இயல்பு ஒன்றே. இறைவன் ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றாக எண்ணப்பட்டதன் கருத்தும் இதுவே. உயிர் தன் வினையை நுகர்ந்து மலம் பக்குவமுறுங்காறும், அருளே தன்னைக் காட்டாது மறைந்து நின்று நடத்துகின்றது. மறைந்தமையின் அஃது இல்லையெனல் பிழை. கரையில் நின்றார்க்குக் கலம் சென்றதே தெரிந்தது. கடவுச்சீட்டு வைக்கப்பட்டமை பின்னரே தெரிந்தது. திரோதானத்தின் செயல் நமக்குத் தோன்றுமுறையும் இவ்வாறே என்க.

ஆயினும் உவமையை முற்றும் கொள்ளலாகாது. மீகாமன் ஏகதேச அறிவினன். தாழ்த்ததன் காரணம் முழுதும் அவன் அறியான். அவன் முறை தவறவுங்கூடும். பதியோ உயிரை விட்டு என்றும் நீங்காதான். உயிரோடு அத்துவிதமாய்ப் பிரிவின்றி நிற்பான் ஒருவன் அதனைக் கரையில் விட்டு அகன்றான் என்றல் கூடாமையின், புறப்படுங் கலமாக அவனைக் கருதுதல் பொருந்தாது. புறப்பட்டுப்போவது உடம்பும், அது கொண்டு பெற்ற காலமுமே. வினைக்கு ஈடாக உயிர்கள் இறந்தும் பிறந்தும் போக்குவரவு புரிதலைச் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் இறைவன் ஆணையொடு சார்த்திக் கூறிற்று. ஒரு துறையில் தவறினார் மறுதுறையிற் காத்திருந்ததும், அதுவுந் தவறி மூன்றாந்துறை நோக்கி நடந்ததும், ஒரு பிறவியில் தவறிய உயிர் மறுபிறவிக்கண் அலைதலை ஒருவாறு நினைப்பிப்பன. துறைதோறும் வழி வைத்தவன் அவன். வழியின் நெடுமை நாம் ஈட்டியது. சமணர் ஏவலாற் கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர்க்கு அக்கல்லே புணையாகித் திருப்பாதிரிப்புலியூர்ப் பாங்கர்க் கரையேற்றிய வரலாற்றை உணர்ந்தார், கலம் போயினமையால் அருளும் போயிற்று என்று கலங்கார்.

எஞ்சி நின்றார் மேல்தளத்தார். இவர்கள் விதியை மீறினாரல்லர்; நேரத்துக்கு ஏறினார்; குற்றமென்று எழுதத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் மூவருள் மலத்தின் செயல் மிக்குத் தோன்றுவது இவரிடத்தேயாம் என்பது என் துணிபு. பிந்தினார் பிழை அவர்க்குத் துன்பமாய் வந்து, நுகர்வாற் கழிகின்றது. மீகாமன் வன்மை பலர்பொருட்டு மேற்கொண்டது. நகைப்பாரது நகையோ எவர்க்கும் பயன்படாதது. 'யான் ஏறினேன், அவன் ஏறிலன்' என்னும் முனைப்பொன்றே அதன் பொருள். அவர் ஏறியதற்கு வழியில் வண்டி பழுதுறாமையும், உடன்வந்தார் நோயுறாமையும், தம் கட்டுக்கடங்கா வேறு பலவும் துணைநின்றன. அத்துணையையெல்லாம் மறைத்துத் தன்னையே காட்டுவது ஆணவத்தின் தொழிலன்றோ?

இதனை உல்லாசக் கப்பலார்க்கு மட்டும் கூறுகின்றேனல்லேன். திருநீறணிந்து, தீக்கை பெற்று, நல்லாசிரியர்பால் ஞானநூல் கேட்கும் பேறு வாய்த்த நாமும் ஒரு மேல்தளத்தில் நிற்பவர்களே. காலந்தாழ்த்து வருவாரை, பாடங்கேட்கப் பொழுதில்லாதாரை, முறை தெரியாது திருக்கோயிலுள் தடுமாறுவாரை நோக்கி நம் உதட்டில் எழும் சிறுநகையை நாம் எப்பொழுதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அத்தாய் என்னை நோக்கி நகைத்திலள், வைதிலள். அவளுக்குச் சித்தாந்தம் எவரும் சொல்லியிருக்கமாட்டார். சித்தாந்தம் பேசச் சென்ற நானே அன்று பிந்தினேன், பிந்தியும் மகிழ்ந்தேன்.

ஆதலின், காலந்தவறாமை வெறும் உலகியல் ஒழுக்கமன்று. பிறர் வாழ்நாளைக் கவராமை என்னும் அறமேயாம். மடங்களிலும் கழகங்களிலும் குறித்த நேரத்துக்குக் கூட்டம் தொடங்குக. பெரியார் ஒருவர் வரவுக்காகச் சிறியார் பலரை வெயிலில் இருத்தற்க. தொடங்கிய பின் வருவார்க்கோ ஓர் இருக்கையும், நடந்த பாடத்தின் குறிப்பும் ஒதுக்கிவைக்க. முறை நில்லாது செல்க. அருள் பின்னே ஒன்றை வைத்துச் செல்க.

அவ்வெண்மர்க்குக் கலம் செல்லும் நேரம் சொல்லப்பட்டிருந்தது. நாம் ஏறியிருக்கும் இவ்வுடம்பு துறைநீங்கும் நேரம் நமக்குச் சொல்லப்படவில்லை. கேட்கவேண்டுவதை இன்றே கேட்டும், வருந்தச் செய்தாரிடம் இன்றே சென்று பொறுத்தருள வேண்டியும் ஒழுகுதல் நம் கடன். மறுநாள் வழியிற் கண்டமையால் அத்தாயிடம் அது சொல்ல எனக்கு வாய்த்தது. எல்லார்க்கும் மறுநாள் வாய்க்கும் என்பதற்கு உறுதி யாதுமில்லை.

திருச்சிற்றம்பலம்