வராத பணமும் வருமானமா?

அரியலூர் மண்ணில் வெட்டிய சுண்ணாம்புக்கல்தான் சிமெண்ட் ஆகிறது. அங்கும் பக்கத்துப் பெரம்பலூரிலும் பள்ளிக் கட்டடமோ சிறுபாலமோ கட்டும் ஒப்பந்தக்காரர் பலர் அந்தச் சிமெண்ட் மூட்டையைக் கடனுக்குத்தான் எடுக்கிறார்கள். தளம் போட்டபின் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகமான எம் புக்கில் எழுத வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வேண்டும், அதன் பிறகே முடிந்த பகுதிக்கான பார்ட் பில். அதிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக் காலம் முடியும்வரை பிடித்து வைப்பார்கள். இதற்கிடையே, கைக்கு வராத பணத்தை வருமானமாக எழுதுவது நேர்மையா?

நேர்மைதான், கணக்கு இரு பக்கமும் உண்மை பேசுமானால். கட்டுமான ஒப்பந்தங்களுக்கான கணக்கியல் தரநிலை 7, முடிந்த வேலையின் அளவுக்கு வருவாயைக் காட்டச் சொல்கிறது. 1 கோடி ரூபாய் ஒப்பந்தத்துக்கு 80 லட்சம் செலவாகும் என மதிப்பிட்டு, 40 லட்சம் செலவழித்திருந்தால், 50 லட்சத்தை வருவாயாக எழுதலாம். ஆனால் கம்பி விலை ஏறி மொத்தச் செலவு 1 கோடியே 10 லட்சத்தைத் தொடும் என்று தெரிந்துவிட்டால், 10 லட்சம் நட்டம் முழுவதையும் அப்போதே எழுதியாக வேண்டும். லாபத்துக்கு முந்திக்கொண்டு நட்டத்தைத் தள்ளிப்போடுவது ஏமாற்று. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பில்லை முழு மதிப்பில் சொத்தாகக் காட்டுவதும் அப்படித்தான். அந்தக் கணக்கை நம்பித்தான் வங்கி கடன் தருகிறது, ஹார்டுவேர் கடைக்காரர் சரக்கு அனுப்புகிறார். அதைப் படிக்கவே வாய்ப்பில்லாத சித்தாளின் வாரக்கூலியும் அதில் தொங்குகிறது. பிரிட்டனின் கரிலியன் கட்டுமான நிறுவனம் 2017 ஜூலையில் தன் ஒப்பந்தங்களின் மதிப்பில் 84.5 கோடி பவுண்டைக் குறைத்தது. 2018 ஜனவரியில் திவாலானது. ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்களின் பாக்கி அதோடு சிக்கிக்கொண்டது.

அரசுப் பணம் எங்கே போய்விடும், குறைத்து எழுதினால் அடுத்த டெண்டர் கிடைக்காதே என்பார்கள். பணம் வரலாம், வரும்வரை வட்டி யார் கட்டுவது? வராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்தால் லாபம்தான் குறையும். விற்றுமுதல் குறையாது, பாக்கியைக் கேட்கும் உரிமையும் போகாது. இன்னொரு மறுப்புக்குத்தான் உண்மையான கனம் உண்டு: தாமதிப்பவரை விட்டுவிட்டு, காத்திருப்பவரிடம் மட்டும் நேர்மை கேட்கலாமா? பில் போட்டாலே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். பிடித்து வைத்த தொகையையும் வருவாயில் சேர்க்கச் சொல்கிறது வருமான வரிச் சட்டம். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்லும் 2006ஆம் ஆண்டுச் சட்டமோ கட்டுமான ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது என்று சில உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அரசுக் கணக்கு ரொக்க அடிப்படையில் எழுதப்படுவது. பணம் கொடுத்தால்தான் செலவு. கொடுக்காத பில் அங்கே கடனாகவே தெரியாது. ஒப்பந்தக்காரரின் ஏட்டில் சொத்தாக நிற்கும் தொகை, கொடுக்க வேண்டியவரின் ஏட்டில் கடனாக ஏறுவதில்லை. ஆகவே கட்டுமானத் துறைகள் ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் எந்த வேலைக்கு, எத்தனை நாளாக, எவ்வளவு பாக்கி என்பதை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். பெரம்பலூரும் அரியலூரும் முதலில் தொடங்கட்டும்.