மூச்சிரைப்பு

உடற்பயிற்சிக் கூடத்தில் போடுகிற பாட்டின் சத்தம் தாங்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால் உடனே யோசனைகள் வந்து விழும். காதில் இயர்போன் மாட்டிக்கொள். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போ. நாலு நாள் போனால் பழகிவிடும். எல்லாமே அவளைத்தான் மாறச் சொல்கின்றன. ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைக்கலாமே என்ற பேச்சு கடைசியில்கூட வருவதில்லை. ‘சமாளித்துக்கொள்’ என்பது நம் வீடுகளில் பெண்ணுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் மிகப் பழையது. மாமியாரை, மாதவிடாயை, மேலதிகாரியைச் சமாளித்தவள் இரண்டு ஸ்பீக்கரைச் சமாளிக்க மாட்டாளா என்ன!

இயர்போன் யோசனையையே எடுத்துக்கொள்வோம். கோவை ரேஸ்கோர்ஸிலோ சென்னை மெரினாவிலோ விடிகாலையில் நடக்க வருகிறவர்களைப் பாருங்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு தன் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆண்கள் உண்டு. தனியாக நடக்கும் பெண் பெரும்பாலும் ஒரு காதில்தான் மாட்டியிருப்பாள். இன்னொரு காது பின்னால் வரும் பைக்குக்கானது. கழுத்துச் சங்கிலி துப்பட்டாவுக்குள் இருக்கும். பைக் கடந்துபோன பிறகுதான் அவள் நடை பழைய வேகத்துக்கு வரும். காது எடுத்துக்கொள்ள மட்டுமே தெரிந்த உறுப்பு, அதற்கான தண்டனையாகத் தன்னை மூடிக்கொள்ள முடியாமல் கிடக்கிறது என்ற பொருளில் ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மல் எழுதினார். மூடிக்கொள்ளக் கருவி வந்த பிறகும் நம்மில் பாதிப் பேரால் மூடிக்கொள்ள முடியவில்லை.

அதனால்தான் நான்கு சுவர்களுக்குள் வருகிறாள். சர்க்கரை வந்துவிட்டது, மூட்டு வலிக்கிறது, எட்டு கிலோவாவது குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அல்லது கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல, ஆனால் டிரெட்மில் இரண்டையும் ஒன்றாகத்தான் ஓடவைக்கிறது. தலைக்கு மேல் பாட்டு அதிர்கிறது.

இந்தச் சத்தம் சும்மா வைக்கப்படுவதில்லை. மிதமான வேகத்தில் உடற்பயிற்சி செய்யும்போது தாளமுள்ள இசை களைப்பு தெரியாமல் செய்கிறது என்று பிரிட்டனின் காஸ்டாஸ் கராஜோர்ஜிஸ் போன்ற ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். இதில் தவறில்லை. நாற்று நட்டவர்களும் ஏற்றம் இறைத்தவர்களும் பாடித்தான் வேலை செய்தார்கள். ஆனால் அது அவர்கள் வாயிலிருந்து வந்த பாட்டு. மூச்சு முட்டினால் பாட்டும் நிற்கும். ஸ்பீக்கர் யாருடைய மூச்சுக்காகவும் நிற்பதில்லை. மிதமான பயிற்சிக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: உங்களால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேசுவதே காதில் விழாத இடத்தில் இந்த அளவுகோலை எங்கே வைத்துப் பார்ப்பது? எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும் என்பதால் மூச்சை வெளியே விட்டபடி தூக்கச் சொல்வார்கள். அதைச் சொல்லும் பயிற்சியாளரின் வாயசைவுதான் தெரிகிறது.

தமிழில் ‘இரைதல்’ என்ற வினை இரண்டு வேலை செய்கிறது. கடல் இரைகிறது, கூட்டம் இரைகிறது, மூச்சும் இரைக்கிறது. இரைச்சலும் மூச்சிரைப்பும் ஒரே வேரில் பிறந்தவை. கூடத்தில் நடப்பது ஓர் இரைப்பை இன்னோர் இரைச்சல் மூடுவது. இதைத் தமிழாசிரியையின் சொல் விளையாட்டு என்று நானே தள்ளிவைத்திருப்பேன், என் மாணவி ஒருத்தி குறுக்கே பேசாதிருந்தால். அவள் சொன்னாள்: “சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீங்க மேடம். அது இருக்கறதாலதான் எனக்கு மூச்சு வாங்குறது யாருக்கும் கேக்கல.”

அவள் பருமனான பெண். ஓடும்போது பலகை அதிரும். இருமல் வரும், சில சமயம் முனகல். அந்தப் பாட்டு அவளுக்குத் திரைச்சீலை. அதை விலக்கினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவள் பயம். அந்தப் பயம் கற்பனையல்ல. அதிர்ந்து நடக்காதே, சத்தமாகச் சிரிக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். பொம்பளை சிரிச்சா போச்சு என்று பழமொழியே இருக்கிறது.

சரி, வீட்டிலேயே செய்யலாம் என்பார்கள். வீட்டில் டிவி சீரியல் ஓடும், குக்கர் கூவும், மிக்ஸி அலறும், ஆடி மாதமென்றால் தெருமுனை அம்மன் கோயிலின் குழாய் ஸ்பீக்கர் காலை ஐந்திலிருந்து அதிரும். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் எல்லாரும் பொறுத்துக்கொள்வார்கள். ஹாலில் ஒரு பெண் பத்து முறை குதிக்கட்டும், கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்துவிடும். அன்றைக்கு முழுக்க அந்தக் கட்டடத்தில் இரைச்சல் என்று பெயர் வாங்கிய ஒரே சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆக, எனக்கு அமைதி வேண்டும் என்று நான் கேட்பது இன்னொருத்தியை வெளிச்சத்தில் நிறுத்துகிறது. என் காதுக்கு அவள் மானம் விலையா? நியாயமான கேள்விதான். அதற்கு நல்ல பதில் கிடைக்காத நிலையில் இயர்போன் மாட்டிக்கொள்வதுதான் உத்தமம் என்றுகூடத் தோன்றும்.

தோன்றாமல் செய்தவர் அங்கே தரை துடைக்கும் அக்கா. நானும் மாணவியும் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுவோம். அவர் காலையில் வந்தால் மாலையில்தான் போவார். தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். 100 டெசிபலில் கால் மணி நேரம். உள்காது செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. சந்தா கட்டுகிற நமக்கு அது சமாளிக்க வேண்டிய தொந்தரவு. சம்பளம் வாங்குகிற அவருக்கு அது வேலையின் ஒரு பகுதி. காதில் எதையாவது மாட்டினால் கூப்பிட்டது கேட்கவில்லையா என்று திட்டு விழும். சத்தம் அதிகமில்லையா அக்கா என்று கேட்டேன். “என்னது?” என்றார். மறுபடி கேட்டேன். “பழகிருச்சுப்பா” என்றார்.

அந்தப் பழக்கத்தை நான் நம்பவில்லை. நான் இயர்போன் மாட்டிக்கொண்டால் தீர்வது என் பிரச்சினை மட்டும். மாதாமாதம் பணம் கட்டுகிறவர்கள் கேட்டால்தான் அந்தக் குமிழ் திரும்பும். துடைப்பவர் கேட்டால் வேலை போகும். ஆகவே கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

மாணவியிடம் இதைச் சொன்னேன். மூச்சிரைப்பு அசிங்கமில்லை, அங்கே வருகிற எல்லாருக்கும் இரைக்கத்தான் செய்யும், சிரிக்கிறவனைத்தான் வெளியே அனுப்ப வேண்டும் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். “அக்காவுக்காகக் குறைக்கலாம் மேடம்” என்றாள். “ஆனா மொதல்ல சிரிக்கிறவங்கள அனுப்புங்க. அப்புறம் பாட்டைக் குறைங்க.” அந்த வரிசையில் எனக்கும் அவளுக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை.