கப்பர்நகூமில் ஒரு நாள்

சமநிலையான வாழ்வு என்றதும் பலருக்குத் தராசுதான் நினைவுக்கு வருகிறது. ஒரு தட்டில் வேலை, மறு தட்டில் குடும்பம். ஒரு தட்டில் ஊழியம், மறு தட்டில் உடல்நலம். எந்தத் தட்டும் தாழ்ந்துவிடாதபடி மணிநேரங்களைப் பங்கிட்டுவிட்டால் வாழ்வு நிறைவாகிவிடும் என்று எண்ணி, அட்டவணை போட்டுப் பார்த்துச் சோர்ந்துபோனவர்கள் அநேகர். வேதாகமமோ இதற்கு விடையாக ஒரு நாளைக் காட்டுகிறது. இயேசு கிறிஸ்து கப்பர்நகூமில் ஓர் ஓய்வுநாளின் காலை முதல் மறுநாள் விடியற்காலை வரை எப்படி வாழ்ந்தார் என்பதை மாற்கு சுவிசேஷகன் அருகிலிருந்து பார்த்ததுபோல எழுதி வைத்திருக்கிறான் (மாற்கு 1:21-39). நிறைவான வாழ்வைத் தேடுகிற எவரும் அந்த ஒரு நாளைப் பொறுமையோடு தியானிப்பது நல்லது.

கூப்பிடு தூரம்

கப்பர்நகூம் கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையிலிருந்த மீனவர் ஊர். இன்றும் அதன் இடிபாடுகளைக் காணலாம். பிற்காலத்தில் வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்ட ஜெப ஆலயம் ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கடியில் கருங்கல் அஸ்திபாரம் தென்படுகிறது. பேதுருவின் வீடு என்று பாரம்பரியம் கூறுகிற இடமும் அருகிலேயே உள்ளது. 1968-ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வில் அந்த எளிய கருங்கல் வீட்டின் சுவர்கள் வெளிப்பட்டன. ஜெப ஆலயத்துக்கும் அந்த வீட்டுக்கும் இடையே கூப்பிடு தூரம்தான்.

அந்த ஓய்வுநாளில் இயேசு ஜெப ஆலயத்தில் போதித்தார். அவருடைய வார்த்தையிலிருந்த அதிகாரத்தைக் கண்டு ஜனங்கள் பிரமித்தார்கள். அசுத்த ஆவியால் துன்புற்ற ஒருவன் எல்லோர் முன்பாகவும் விடுதலையானான். அவருடைய கீர்த்தி சுற்றுப்புறமெங்கும் பரவத் தொடங்கியது. அந்த வேளையில் அவர் செய்தது என்ன? அங்கிருந்து நேரே சீமோனின் வீட்டுக்குப் போனார். அங்கே சீமோனுடைய மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருந்தாள். வியந்து பாராட்ட அங்கே கூட்டம் இல்லை. அவர் அருகில் சென்று, கையைப் பிடித்து, அவளைத் தூக்கிவிட்டார். காய்ச்சல் நீங்கியது, அவள் எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்தாள்.

சீமோன் தன் வலைகளை விட்டுப் புறப்பட்டுச் சில நாட்கள்தான் ஆகியிருக்க வேண்டும். அவனை அழைத்த ஆண்டவர், "இனி வீட்டை மறந்துவிடு" என்று சொல்லவில்லை. தாமே அவனுடைய வீட்டு வாசலுக்குள் நுழைந்தார். பல ஆண்டுகளுக்குப் பின்பு பேதுரு தன் மனைவியோடுகூட ஊழியப் பயணம் செய்ததைப் பவுல் குறிப்பிடுகிறார் (1 கொரிந்தியர் 9:5). அழைப்பும் குடும்பமும் பகையாகாமல் ஒன்றாய் நடந்ததற்கு அதுவே சாட்சி.

ஆலயத்துக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க முடியாதவர்கள் இன்றைக்கும் உண்டு. சபையிலே கனிவாய்ப் பேசுகிற நாவு வீட்டிலே கடுகடுக்கிறது. அலுவலகத்தில் பொறுமையின் உருவமாக இருக்கிறவர், பிள்ளையின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் பொறுமையற்றுப் போகிறார். ஒரு மனிதனின் விசுவாசம் பிரசங்கப் பீடத்திலிருந்து அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதே அவனுடைய வாழ்வின் சமநிலையை அளக்கிற முதல் அளவுகோல்.

வாசலில் நின்ற கூட்டம்

சூரியன் அஸ்தமித்தது, ஓய்வுநாள் முடிந்தது. அதுவரை நோயாளிகளைச் சுமந்துவர முடியாதிருந்த ஜனங்கள் இப்போது திரண்டு வந்தார்கள். பட்டணம் முழுவதும் அந்த வீட்டு வாசலில் கூடிற்று. இயேசு அவர்களில் அநேகரைச் சொஸ்தமாக்கினார். இரவு வெகுநேரம் ஆகியிருக்கக்கூடும். மறுநாள் இன்னும் இருட்டாயிருக்கையிலேயே அவர் எழுந்து, தனிமையான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

சீமோனும் உடனிருந்தவர்களும் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எல்லோரும் அவரைத் தேடுகிறார்கள் என்று சொன்னார்கள். அது உண்மையான செய்தி. அழைத்தவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர், தேவையுள்ளவர்கள். ஆயினும் இயேசு அந்த வாசலுக்குத் திரும்பவில்லை. அடுத்த ஊர்களிலும் பிரசங்கிக்க வேண்டும், அதற்காகவே தாம் வந்தேன் என்று சொல்லிப் புறப்பட்டார்.

இந்த இடத்தில்தான் அந்த நாளின் இரகசியம் வெளிப்படுகிறது. கேட்கிறவர்கள் எல்லோருக்கும் "ஆம்" என்று சொல்லுவது அன்பைப்போலத் தோன்றும். ஆனால் அப்படிச் சொல்லுகிறவனுடைய நாளை ஊரார் நடத்துவார்கள். அவனை அனுப்பினவர் நடத்தமாட்டார். விடியுமுன் பிதாவின் சமுகத்தில் இருந்தவருக்கு விடிந்தபின் எதை விடலாம் என்பது தெரிந்திருந்தது. ஜெபம் அவருக்கு அன்றைய வேலைகளோடு சேர்ந்த இன்னொரு வேலையாக இருக்கவில்லை. எந்த வேலை தம்முடையது, எது தம்முடையதல்ல என்பதைப் பகுத்துக்காட்டும் வெளிச்சமாக இருந்தது.

அவர் தம் ஊழியத்தின் முடிவில், பிதா தமக்குக் கொடுத்த கிரியையைச் செய்து முடித்ததாகக் கூறினார் (யோவான் 17:4). அந்த வேளையிலும் கலிலேயாவில் குருடர் இருந்தார்கள், குஷ்டரோகிகள் இருந்தார்கள், அழுகிற தாய்மார் இருந்தார்கள். எல்லாருடைய தேவையும் தீர்ந்துவிடவில்லை. அவருக்கென்று நியமிக்கப்பட்டது நிறைவேறியிருந்தது. நிறைவான வாழ்வு என்பது இதுவே.

செராம்பூர் தரும் பாடம்

இந்த உண்மையை இந்திய மண்ணில் நடந்த ஒரு வரலாறு சந்தோஷத்தோடும் துக்கத்தோடும் எடுத்துக்காட்டுகிறது. செருப்புத் தொழிலாளியாயிருந்து மிஷனெரியான வில்லியம் கேரி 1793-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். 1834-இல் மரிக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1801-இல் வங்காள மொழியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். 1818-இல் செராம்பூர் கல்லூரி உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். 1806-இல் எழுதிய கடிதமொன்றில் தம்முடைய ஒரு நாளின் அலுவல்களை அவர் விவரித்திருக்கிறார். காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து எபிரெய வேதத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பதில் தொடங்கி, ஜெபம், மொழிபெயர்ப்பு, கல்லூரிப் பாடம், பிரசங்கம் என்று சென்று, இரவில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வாசிப்பதில் அந்த நாள் முடிகிறது. வாசிப்பவர் மலைத்துப்போவார்.

ஆனால் அதே வீட்டில் வேறொரு கதையும் நடந்தது. வந்த மறுவருடமே, 1794-இல், கேரியின் சிறுமகன் பீட்டர் நோயுற்று மரித்தான். அயல்நாட்டின் வறுமையையும் வியாதியையும் பிள்ளையின் மரணத்தையும் சந்தித்த மனைவி டாரத்தி மனநோய்க்கு ஆளானார். 1807-இல் அவர் கண்மூடும்வரை அந்த நோய் தீரவில்லை. மனநோய் யாருடைய பாவமும் அன்று. அதற்கு மருத்துவம் அறியாதிருந்த காலம் அது. ஆகவே கேரியைக் குற்றவாளியாக நிறுத்துவது நியாயமல்ல. ஆயினும் அவருடைய மகன்கள் கவனிப்பாரற்று, கட்டுப்பாடின்றி வளர்ந்துவந்ததை அவருடன் இருந்தவர்களே கண்டு வருந்தினார்கள்.

அந்தப் பிள்ளைகளைத் தேவன் கைவிடவில்லை. 1799-இல் வந்து சேர்ந்த ஹன்னா மார்ஷ்மன் அம்மையார் தம் பிள்ளைகளோடு கேரியின் பிள்ளைகளையும் அரவணைத்துக்கொண்டார். அச்சுப்பணி செய்த வில்லியம் வார்ட் மூத்த மகன் ஃபீலிக்ஸுக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் ஆனார். 1800-ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று ஊக்லி ஆற்றில் கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றபோது, அதே நாளில் ஃபீலிக்ஸும் ஞானஸ்நானம் பெற்றான். செராம்பூரில் ஒரே குடும்பமாய் வாழ்ந்த அந்த ஊழியர்கள் சனிக்கிழமை மாலைதோறும் கூடி, தங்களுக்குள் எழுந்த மனவருத்தங்களைப் பேசித் தீர்த்துக்கொள்வதை ஒழுங்காக வைத்திருந்தார்கள்.

பிரியமானவர்களே, இதில் இரண்டு பாடங்கள் உண்டு. மகத்தான ஊழியமும்கூட ஒரு வீட்டின் தேவையை மறைத்துவிடக்கூடும் என்பது முதலாவது. மற்றவர்களுடைய திராட்சத்தோட்டங்களைக் காத்து, தன் சொந்தத் தோட்டத்தைக் காக்காமல் விட்டதாக உன்னதப்பாட்டில் ஒருத்தி புலம்புகிறாள் (1:6). அந்தப் புலம்பல் எந்த ஊழியனுக்கும் நேரிடலாம். சமநிலை ஒருவனால் தனியே காக்கப்படுவதன்று என்பது இரண்டாவது. ஒருவர் தளர்ந்த இடத்தில் மற்றொருவர் தாங்குவதற்காகவே தேவன் சபையைத் தந்திருக்கிறார். ஒரு ஹன்னா மார்ஷ்மனும் ஒரு வார்டும் இல்லாதிருந்தால் அந்த மகன்களின் கதை வேறாக முடிந்திருக்கலாம். நோயுற்ற மனைவியைப் பராமரிக்கிற கணவனுக்கும், தனியே பிள்ளைகளை வளர்க்கிற தாய்க்கும், "உன் வாழ்வைச் சமன்படுத்திக்கொள்" என்று புத்திசொல்லுவது எளிது. அவர்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு மாலைப்பொழுது அழைத்துச் சென்று உணவளித்துப் பாடம் சொல்லிக்கொடுப்பதே கிறிஸ்தவ அன்பு.

நான்கு பக்கமும் வளர்ச்சி

நாசரேத்தில் வளர்ந்த இயேசுவைப் பற்றி லூக்கா ஒரே வசனத்தில் நான்கு காரியங்களைச் சொல்லுகிறான் (லூக்கா 2:52). அறிவிலே வளர்ந்தார், சரீரத்திலே வளர்ந்தார், தேவனுக்குப் பிரியமாய் வளர்ந்தார், மனிதருக்குப் பிரியமாய் வளர்ந்தார். இந்த நான்கில் ஒன்றும் ஆவிக்குரியதல்ல என்று தள்ளத்தக்கதல்ல.

குறிப்பாக, சரீரத்தை அசட்டை செய்வதைப் பக்தி என்று எண்ணுகிறவர்கள் எலியாவை நினைக்கவேண்டும். கர்மேல் மலையில் பெரிய ஜெயம் பெற்றவன், அடுத்து வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்தான். அவனைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை; உடனே புதிய கட்டளை எதையும் கொடுக்கவுமில்லை. உறங்கவிட்டார். சுடப்பட்ட அடையும் தண்ணீரும் தந்தார். மறுபடியும் உறங்கவிட்டு மறுபடியும் ஊட்டினார். அதன்பின்புதான் ஓரேபில் மெல்லிய சத்தத்தில் பேசினார் (1 இராஜாக்கள் 19). உண்ணவும் நேரமில்லாதிருந்த சீஷர்களைத் தனியே வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தவரும் இதே ஆண்டவர்தான் (மாற்கு 6:31). ஆகவே தூக்கத்தைத் தொலைத்து, சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மறந்து, ஓடிக்கொண்டேயிருப்பது விசுவாசத்தின் அடையாளமன்று. தான் ஓய்ந்தாலும் தேவன் ஓயமாட்டார் என்று நம்பிப் படுத்துறங்குவதும் விசுவாசமே.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் ஆபத்து உண்டு. தன் வீடு, தன் பிள்ளைகள், தன் சுகம் என்று வேலி போட்டுக்கொண்டு அதையே சமநிலை என்று அழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். காய்ச்சல் நீங்கின அந்தத் தாய் எழுந்து பணிவிடை செய்தாள்; மாலையில் அவளுடைய வீட்டு வாசல் ஊருக்கே திறந்திருந்தது. கர்த்தர் ஒரு வீட்டைச் சொஸ்தமாக்குவது, அந்த வீட்டின் வழியாய் மற்றவர்களும் சுகம்பெறவே.

சிலுவையிலும் மறவாதவர்

உலகத்தின் பாவத்தைச் சுமந்த அந்த மணிநேரத்தைவிடப் பெரிய பணி வேறு எதுவுமில்லை. அந்த வேளையிலும் இயேசு சிலுவையின் அருகே நின்ற தம் தாயைக் கண்டார். அவளைத் தம் அன்பான சீஷனிடம் ஒப்படைத்தார் (யோவான் 19:26-27). உலகத்தை மீட்கிற கிரியை ஒரு தாயை மறக்கும்படி செய்யவில்லையென்றால், எந்த அலுவலகமும் எந்த மேடையும் எந்த ஊழியமும் அதற்குக் காரணமாக முடியாது.

ஆகவே சமநிலையை நாடுகிறவன் அட்டவணையோடு தொடங்கவேண்டியதில்லை. விழித்ததும் கைப்பேசியில் காத்திருக்கிற அழைப்புகளைப் பார்க்குமுன், தன்னை அனுப்பினவரின் முகத்தை நோக்கட்டும். இன்றைக்கு எந்த வாசலுக்குப் போகவேண்டும், எந்த வாசலுக்கு மறுப்புச் சொல்லவேண்டும் என்று கேட்கட்டும். பின்பு வீட்டிலே காய்ச்சலாய், அல்லது பேச்சற்று, அல்லது தனித்துக் கிடக்கிறவர் யார் என்று பார்க்கட்டும். அந்தக் கூப்பிடு தூரத்தை அவன் இன்றைக்கே கடக்கட்டும். கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறவர் அவனோடுகூட வருவார்.