ராஜபார்ட்டின் சம்பளம்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டால், நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருப்பவரும் சரி, நாற்று நடப் போகிறவளும் சரி, கொடுத்தே ஆகவேண்டும். பந்தல், மைக் செட், வாணவேடிக்கை எல்லாம் போக மிஞ்சுவதுதான் நாடகத்துக்கு. அதற்கு மேல் காலணா கிடையாது. அந்தப் பணத்தில் பாதியை ராஜபார்ட் ஒருவருக்கே கொடுக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது, பையன்கள் ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, பாடம் கேட்டு நடித்தார்கள். ஸ்பெஷல் நாடகம் அப்படியல்ல. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாருமே தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு, அப்புறம் பொழுது விடியும்வரை நாடகம். அவர்களுக்கென்று 1923 முதல் மதுரையில் ஒரு சங்கமே இருந்துவருகிறது.

வள்ளி திருமணத்தில் ஜனங்கள் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு காத்திருப்பது முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காக. முருகன் எவ்வளவு பெரிய வித்துவானானாலும், வள்ளிக்கு எதிர்க்கேள்வி போடத் தெரியாவிட்டால் அவர் யாரோடு வாதாடுவார்? பெரிய பெயருக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு அகப்பட்டவர்களைப் பிடித்துப் போடும் ஊர், காசு கொடுத்து வாங்கிய வித்தையையே மேடையில் ஊமையாக்குகிறது.

‘பெயர் இல்லாவிட்டால் யார் ஐயா வருவார்கள்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாற்று நடும் அந்த அம்மாள் நோட்டீஸில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். வருஷத்தில் அவளுக்கு வாய்க்கும் ஒரே ராத்திரி அது. ‘உனக்கு நடுத்தர முருகன் போதும்’ என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1935இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க கே. பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்த நாளில் கேட்டவர்கள் மூக்கில் விரலை வைத்த தொகை. படம் ஓடவில்லை. அது முதலாளியின் பணம், முதலாளியின் நஷ்டம்; அதில் நாம் பஞ்சாயத்துப் பேச இடமில்லை. அளந்து வைத்த பணத்தின் சங்கதி வேறு. அங்கே ஒருவர் இலையில் கூடுவது அடுத்தவர் இலையில் குறைந்தே தீரும்.

இன்றைய கிரிக்கெட் ஏலத்திலும் இதே கணக்குத்தான். அணிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு. 2024 நவம்பரில் லக்னோ அணி தன் 120 கோடியில் 27 கோடியை ரிஷப் பந்த் ஒருவருக்கே கொடுத்தது. 2025இல் பத்து அணிகளில் ஏழாவதாக நின்றது. உடனே ‘பார்த்தீர்களா!’ என்று கிளம்பிவிடக் கூடாது. 2023 தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி 70 லட்சத்தில் 21.6 லட்சத்தைச் சாய் சுதர்சனுக்குக் கொடுத்தது. அந்த ஆண்டு கோப்பையும் கோவைக்கே போயிற்று. ஜெயித்தவன் தோற்றவனை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

என் மனசை உறுத்துவது பெரிய சம்பளம் அல்ல. அது யார் மடியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான். அந்த லக்னோ ஏலத்தில்கூட, கடைசியாக எடுக்கப்பட்ட பையனுக்கும் 30 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. கிராமத்தில் அந்த வரம்பை ஊர்ப் பெரியவர்கள்தான் போடவேண்டும். விடிய விடிய மிருதங்கம் தட்டுகிறவருக்கும், தூங்குகிற பிள்ளைகளையும் எழுப்பிச் சிரிக்கவைக்கும் பபூனுக்கும் உரியதை முதலில் எடுத்து வைக்கட்டும். சொல்லுக்குச் சொல் கொடுக்கும் ஸ்திரீபார்ட்டாகத் தேடி அமர்த்தட்டும். மிஞ்சியதில் எவ்வளவு பெரிய முருகன் வருகிறாரோ, வரட்டும். நோட்டீஸில் எழுத்து கொஞ்சம் சிறுத்துப்போகும்; அந்த அம்மாள் முணுமுணுக்கவும் செய்வாள். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு, வள்ளி போட்ட ஒரு கேள்விக்கு முருகன் திருதிருவென்று விழித்தால், முதலில் கைதட்டுகிறவளும் அவளாகத்தான் இருப்பாள்.