பழைய நேரம்

1996ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து வருடம் வன்னியின் மணிக்கூடும் வவுனியாவின் மணிக்கூடும் ஒத்துப்போகவில்லை. அந்த ஆண்டு மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் படுத்துவிட, மின்சாரத்தை மிச்சம்பிடிக்கவென்று கொழும்பு நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. சில மாதத்தில் அதில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் ஆளுகையில் இருந்த எங்கள் பக்கம் இந்த இரண்டையும் ஏற்கவில்லை. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்ட பிறகு கம்பியில் மின்சாரமே வராத ஊர். இல்லாததில் எதை மிச்சம்பிடிப்பது? 2002இல் ஏ9 பாதை திறந்தபோது ராணுவம் நின்ற ஓமந்தையில் புது நேரம், புலிகள் நின்ற புளியங்குளத்தில் பழைய நேரம். தெற்கிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸுக்குள் இருந்தபடியே மணிக்கூட்டு முள்ளை அரை மணி பின்னுக்கு இழுப்பார்கள். "எத்தினை மணிக்கு வாறியள்?" என்று கேட்டால், "பழைய நேரமோ புது நேரமோ?" என்ற கேள்விதான் முதலில் வரும். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பியது. நேரம் ஒன்றாகி நாலு மாதத்தில், ஆகஸ்டில், பாதை மூடப்பட்டுவிட்டது.

நான் முள்ளியவளைப் பக்கம் சைவசமயம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். என்னிடம் படித்த பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும் லண்டனிலுமாகச் சிதறிக் கிடக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பார்கள். கதை எங்கே தொடங்கினாலும் அந்தக் காலத்தில்தான் போய் முடியும். ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பிள்ளை போன வைகாசியில் கேட்டாள்: "ரீச்சர், எவ்வளவு சனம் செத்த காலம் அது. ஆனா அந்த விளக்கு வெளிச்சமும் றேடியோச் சத்தமும்தான் எனக்கு ஆசையா இருக்கு. இப்பிடி ஆசைப்படுறது பாவமோ?"

சமயபாடத்தில் இதற்கு நேரான பதில் இல்லை. "பற்றை விடு" என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அது பதிலல்ல, தட்டிக்கழிப்பு. முதலில் அவள் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று பார்க்க வேண்டும்.

அவள் சொன்ன விளக்கு ஜாம் போத்தல் விளக்கு. கொழும்பு போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் யானைவிலை விற்ற நாட்களில் யாரோ ஒரு கெட்டிக்காரன் கண்டுபிடித்து வீடு வீடாகப் பரவியது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் எண்ணெய், கம்பியில் நிமிர்த்திய நூல்திரி. போத்தலே சிமினி. சுடர் ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் இரண்டு பிள்ளைகள் கொப்பியை நெருக்கி வைத்துப் படிக்கலாம்; மூன்றாவது பிள்ளைக்குத் தன் நிழலே எழுத்தை மறைக்கும். காலையில் எழும்பினால் மூக்குக்குள் கரி.

றேடியோ இன்னொரு வித்தை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். பழைய பற்றரியை வெயிலில் காயவைத்தோம், ஆணியால் துளைத்து உப்புத்தண்ணீர் விட்டுப் பார்த்தோம்; ஒரு செய்திக்குத் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். கடைசியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்தி, வயரை றேடியோவுக்குக் கொடுத்து, கையால் பெடலைச் சுற்றுகிற ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தோம். பழைய நேரம் இரவு ஒன்பதே காலுக்கு பி.பி.சி. தமிழோசை. எங்கள் வீட்டில் சுற்றுகிறவன் என் தம்பி. பக்கத்து வளவுச் சனமெல்லாம் முற்றத்தில். கை தளர்ந்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், "டேய், சுத்தடா!" என்று நாலு பேர் கத்துவார்கள். அதிலே ஒரு விசித்திரம். டைனமோ சில்லில் உரசுகிற இரைச்சல் அவன் காதுக்குப் பக்கத்தில்தான். எல்லோருக்கும் செய்தி கேட்கும், சுற்றுகிறவனுக்குக் கேட்காது. முடிந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "என்னவாமக்கா?" என்று என்னிடம் கேட்பான். நான் சுருக்கிச் சொல்வேன். பல இரவுகள், கேட்கச் சகிக்காத இடங்களை விட்டுவிட்டுச் சொன்னேன்.

பெற்றோல் சொட்டுவிட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள், சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம் போட்டு அலசிய உடுப்பு, இவற்றைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதாமல் விடுவது காய்ச்சலை. தொண்ணூறுகளில் வன்னியில் மலேரியா வராத வீடு குறைவு. குளிர் உதறி, பல் கிட்டி, இரண்டு சாக்கை மேலே போட்டாலும் கட்டில் ஆடும். குளோரோகுயின் குளிசையின் கைப்பு அடுத்த நாள் சோற்றிலும் இருக்கும். அந்தக் குளிசையும் தேவைக்கு வந்து சேர்ந்ததில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்த செய்தியை நான் கைத்தொலைபேசியில் வாசித்தேன். ஸ்காபரோப் பிள்ளைக்கும் அந்தக் காலத்தில் மலேரியா வந்தது. வகுப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போனோம். விளக்கு கனவில் வருகிற அவளுக்குக் காய்ச்சல் கனவில் வருவதில்லை.

இந்த இடத்தில்தான் உமாபதி சிவம் எனக்கு உதவிக்கு வருகிறார். திருவருட்பயனில் இருள்மல நிலை என்றொரு அதிகாரம். புற இருட்டு எந்தப் பொருளையும் காட்டாது, ஆனால் தான் இருட்டு என்பதையாவது காட்டிக்கொள்ளும். இருள்மலமாகிய ஆணவமோ தன்னையும் காட்டாது, பிறவற்றையும் காட்டாது என்பது அங்கே அவர் சொல்லும் கருத்து. பழையதை நினைக்கும்போது நமக்குள் நடப்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்னவர்களை நான் படித்ததில்லை. மறந்துவிட்டோம் என்று தெரிந்தால் அது சாதாரண மறதி. இந்த ஏக்கத்திலோ எல்லாம் நினைவிருக்கிறது என்றே தோன்றும். சுடர், திரி, எண்ணெய் மணம் எல்லாம் அச்சொட்டாக நிற்கும். எது விடுபட்டது என்பது மட்டும் தெரியாது.

அதற்காக நினைவை முழுக்க மயக்கம் என்று தள்ளவும் நான் தயாரில்லை. நம்முடைய சைவசித்தாந்தம் அப்படித் தள்ளச் சொல்லவுமில்லை. முப்பத்தாறு தத்துவங்களில் வித்தியா தத்துவம் ஏழு. காலமும், விருப்பு என்று நாம் சொல்கிற அராகமும் அந்த ஏழுக்குள் இருக்கின்றன. இரண்டும் மாயையின் பிள்ளைகள். உயிர் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உலகத்தை அனுபவிக்க முடியும். அதே அதிகாரத்தில் உமாபதியார் மாயையை விடியுமட்டும் ஏற்றிவைத்த விளக்கு என்கிறார். வகுப்பில் இதைப் படிப்பித்தபோது விளக்கத்துக்கு நான் உவமை தேட வேண்டியிருக்கவில்லை. மேசையில் ஜாம் போத்தல் இருந்தது. ஆக, கழிந்த காலத்தில் ஆசை வைப்பது பாவமென்று நான் சொல்லமாட்டேன். அது உயிருக்குக் கொடுத்த கருவி. அதை வைத்து எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "அப்ப வசதியில்லை, ஆனா பக்தி இருந்தது, கரண்டு வந்து பக்தி போச்சு" என்று கோயில் பிரசங்கத்தில் முழங்குகிறவர்கள். இவர்களை என்னால் பொறுக்க முடியாது. சரியை என்று நம் சமயம் சொல்லும் தொண்டு, கோயில் கூட்டுவது, பூப்பறிப்பது, திருவிளக்கிடுவது, மனம் ஒப்பிச் செய்வது. போக்கிடமில்லாமல் செய்ததெல்லாம் தொண்டாகிவிடாது. சங்கக்கடையில் அரை நாள் கால்கடுக்க நின்று அரைப் போத்தல் எண்ணெயோடு திரும்பிய என் அம்மா அதை ஒருநாளும் தவம் என்று சொன்னதில்லை. சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. குழாய்க்கிணற்று வரிசையில் குடத்தோடு சண்டைபிடித்த பெண்களை இன்று தியாகச் சுடர்களாக்குகிறவர்கள் அநேகமாக ஒரு குடம் தூக்கியிராத ஆம்பிளைகள். ஆனால் தம்பி பெடல் சுற்றியதை நான் அந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தனக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு, பிறருக்குக் கேட்கட்டுமென்று ஒவ்வொரு இரவும் குந்தினான். அது சரியைதான். டைனமோ இருந்ததால் அது சரியையாகவில்லை. அவன் குந்தியதால் ஆனது.

விளக்கைப் பற்றிப் பேசும்போது வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலை விட்டுவிட்டு எழுந்து போக முல்லைத்தீவாரால் முடியாது. நந்திக்கடல் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கண்ணகி கிழவியாக வந்தாள், பொங்கச் சொன்னாள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை விட்டு ஏற்றச் சொன்னாள், பேன் பார்க்கச் சொல்லித் தலையைக் குனிந்தபோது அங்கே ஆயிரம் கண்கள் இருந்தன என்பது ஐதிகம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, எங்கள் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த நீரில் விளக்கேற்றி, பொங்கலன்று வற்றாப்பளைக்குக் கொண்டுபோகிறோம். தொண்ணூற்றேழோ எட்டோ, இந்தக் கதையைப் படிப்பித்து முடித்தபோது பின்வாங்கில் ஒரு பெடியன் எழும்பினான். "ரீச்சர், கடல்தண்ணியில விளக்கெரியுமெண்டா, நாங்கள் ஏன் மண்ணெண்ணெய்க்கு லைனில நிக்கிறம்?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, அன்று காலையும் வரிசையில் நின்றுவிட்டு வந்தவன்.

சமயம் படிப்பித்த காலத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அது. அம்மன் அந்தச் சிறுவர்களின் வீட்டு விளக்குக்குக் கடல்நீர் விடச் சொல்லவில்லை, தனக்கு ஏற்றிய விளக்குக்குத்தான் சொன்னாள் என்றேன். அதாவது எண்ணெய் இல்லாதவன் கும்பிட வராமல் நின்றுவிடக்கூடாது. உன்னிடம் கடல்தான் இருக்கிறதென்றால் கடலைக் கொண்டு வா. எண்ணெய் கொடுக்காமல் மறித்தவர்களின் கணக்கை அற்புதத்தால் தீர்க்க முடியாது, அது மனிதர் தீர்க்க வேண்டிய கணக்கு என்றும் சொன்னேன். அவன் "ஓம் ரீச்சர்" என்று இருந்தான். ஒப்புக்கொண்டானா, மரியாதைக்குச் சொன்னானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. 2009 மே மாதத்தில் சண்டை முடிந்த பிறகு அவனைப் பற்றி விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில்தான்.

ஸ்காபரோப் பிள்ளைக்கு இவ்வளவையும் போனில் சொல்லவில்லை. ஆசைப்படு, ஆனால் உன் காய்ச்சலையும் சேர்த்து நினை என்றேன். அவளுக்குக் கொஞ்சம் கோபம். "நல்லதை மட்டும் வைச்சிருக்க விடமாட்டியள்" என்றாள்.

இப்போது எங்கள் பக்கத்து வாலிபர் சிலர் திருவிழாவையொட்டிப் பழைய பொருட்கள் வைத்து ஒரு காட்சி போட நிற்கிறார்கள். எல்லாம் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு நினைவு தெரிந்த பிள்ளைகள், ஜாம் போத்தல் விளக்கை யூரியூப்பில்தான் கண்டவர்கள். ஆலோசனை கேட்டு வந்தார்கள். சைக்கிளும் டைனமோவும் கிடைத்துவிட்டன, பழைய பனசொனிக் ஒன்றும் அகப்பட்டிருக்கிறது. நல்லது என்றேன். அதற்குப் பக்கத்தில் ஒரு நுளம்புவலையும், ஒரு சாக்கும், குளோரோகுயின் குளிசை அட்டை ஒன்றும் வையுங்கோ என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அது படம் எடுக்க வடிவாயிராது ரீச்சர்" என்று பெரியவன் சொன்னான். சாக்குக்கு மட்டும் சம்மதித்திருக்கிறார்கள். மற்றதுக்கு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் கதைக்க வேண்டும்.