விளக்கைக் காப்பதும் வெளிச்சத்தைக் காப்பதும்

ஸ்போர்ட்ஸ் காரின் முகப்பு விளக்குகளைக் கல்லடியிலிருந்து காப்பது மேலோட்டமாகப் பார்த்தால் பட்டறைச் சமாச்சாரம். முன்னே போகும் வண்டியின் டயர் ஒரு சரளைக்கல்லைக் கிளப்பிவிடுகிறது. பின்னால் வரும் கார் தன் வேகத்தோடு அதன்மேல் மோதுகிறது. ஐந்து கிராம் எடையுள்ள கல்லில் 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் விளக்குக் கண்ணாடி ஏறத்தாழ 2 ஜூல் ஆற்றலைத் தாங்க வேண்டும். வேகம் இருமடங்கானால் அடி நான்கு மடங்காகி 8 ஜூலை நெருங்கும். தரையை ஒட்டி ஓடும் காருக்கு விளக்குகளும் கற்கள் பறக்கும் உயரத்திலேயே அமைந்துவிடுகின்றன. ஆகவே கம்பி வலை, கண்ணாடி மூடி, ஒட்டும் படலம் என்று பலவகைக் காவல்கள் வந்தன. இவற்றில் எதைத் தேர்ந்தாலும், அறநூல்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி கூடவே வருகிறது. ஒரு பொருளைச் சேதமில்லாமல் வைத்திருக்கப் பாடுபடுவது கடமையா, பற்றா?

மோட்டார் பந்தயத்தில் இந்தச் சிக்கல் கண்கூடாகத் தெரிந்த இடம் பிரான்சிலுள்ள லெ மான். அங்கே முதல் 24 மணி நேரப் பந்தயம் 1923 மே 26, 27 தேதிகளில் நடந்தது. கார்களின் மின்விளக்குகளை அந்நாளில் நம்பி இரவில் வெகுதூரம் போக முடியாது; அவற்றைச் சோதித்து மேம்படுத்துவதும் விடிய விடிய ஓட்டும் இப்பந்தயத்தின் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. பாதையோ பொதுச் சாலை. மேற்பரப்பு பெயர்ந்து கற்கள் சிதறின. ஜான் டஃப், ஃபிராங்க் கிளமென்ட் இருவரும் மாறி மாறி ஓட்டிய பென்ட்லி காரின் ஒரு முகப்பு விளக்கைக் கல் உடைத்தது. இன்னொரு கல் பெட்ரோல் டேங்கைத் துளைத்தது. கார் நடுவழியில் நின்றுவிட, டஃப் அணியின் கொட்டகைவரை ஓடிவந்தார். கிளமென்ட் பெட்ரோலை எடுத்துக்கொண்டு சைக்கிளில் காரைத் தேடிப் போனார். அவர்களுக்குக் கிடைத்தது நான்காம் இடம். அடுத்த ஆண்டு ஜூனில் அதே இருவர் விளக்குகளுக்குக் கம்பி வலை மாட்டி, டேங்குக்கும் காப்பு அமைத்து, முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்திய பென்ட்லியுடன் வந்து வென்றார்கள்.

வலை சும்மா காப்பதில்லை. கம்பிகள் எவ்வளவு பரப்பை மறைக்கின்றனவோ அவ்வளவு வெளிச்சம் குறையும். கண்ணிகளை நெருக்கினால் இன்னும் சிறிய கல்லும் தடைபடும், இன்னும் கொஞ்சம் ஒளியும் தடைபடும். வலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே சேரும் சேற்றைத் துடைப்பதும் கடினம். முற்றிலும் தெளிவான கண்ணாடி மூடியும் இதற்கு விலக்கல்ல. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். ஒரு மூடிக்கு இரண்டு பரப்புகள் என்பதால் இழப்பு ஏறக்குறைய 8 சதவீதம். இப்படியே காவலைக் கூட்டிக்கொண்டு போனால் கடைசியில் கிடைப்பது ஓர் இரும்புத் தகடு. அதன் பின்னால் விளக்கு என்றைக்கும் உடையாது. சாலையில் வெளிச்சமும் விழாது.

காவலின் எல்லை எது என்பதற்கு அரிஸ்டாட்டிலின் நிகோமாக்கிய அறநூல் நல்ல அளவுகோல் தருகிறது. ஒன்றின் சிறப்பு என்பது அதன் தொழிலை நன்றாகச் செய்யவைக்கும் தன்மை என்று அந்நூலின் இரண்டாம் பகுதி வாதிடுகிறது. அங்கே அவர் காட்டும் சான்று கண். கண்ணின் சிறப்பால்தான் பார்வை நன்றாக இருக்கிறது. முகப்பு விளக்கின் தொழில் இருட்டில் வழி காட்டுவது. அது கீறலின்றிப் பளபளப்பது அந்தத் தொழிலுக்குத் துணைபோகும் மட்டும்தான் மதிப்புள்ளது. அதே இடத்தில் அரிஸ்டாட்டில் நடுநிலை பற்றியும் பேசுகிறார். அது எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவு அல்ல. மல்வீரனுக்கு வேண்டிய உணவு புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு மிகுதி. சரளைப் பாதையில் ஓடும் ராலி காருக்கு வலை தேவை. வழுவழுப்பான நெடுஞ்சாலையில் இரவில் செல்லும் காருக்கு அதே வலை வீண் இருட்டு.

ஒரு நாட்டின் சட்டமே இந்த அளவைத் தீர்மானித்த சந்தர்ப்பமும் உண்டு. 1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் முகப்பு விளக்குகள் சாய்வான கண்ணாடி மூடிகளுக்குள் இருந்தன. காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்துக்காகச் செய்யப்பட்ட அந்த மூடிகள் கல்லடியையும் தாங்கிக்கொண்டன. எரியும் விளக்கின் முன்னால் கண்ணாடி மூடி இருக்கக் கூடாது என்ற அமெரிக்க விதி 1968இல் நடைமுறைக்கு வர இருந்ததால், 1967இலேயே ஜாகுவார் மூடிகளை எடுத்துவிட்டது. சிட்ரோயென் டி.எஸ். காரையும் அமெரிக்காவில் மூடியற்ற விளக்குகளோடு விற்க வேண்டியதாயிற்று. அழகு குறைந்தது என்று இன்றும் வருந்துவோர் பலர். ஆனாலும் விதி எழுப்பிய கேள்வி நியாயமானது. காப்பதற்கென்று வைத்த ஒன்று, காக்கப்படுவதன் வேலையைக் கெடுக்கிறதா என்று அது கேட்டது.

மறைந்து எழும் விளக்குகள் வேறொரு பாடம். 1936இன் கார்ட் 810 முதல், 1963இலிருந்து 2004 வரை வந்த கார்வெட்டுகள் வரை, பகலில் உடலுக்குள் மடங்கி இரவில் வெளியே வரும் விளக்குகள் இருந்தன. தோற்றமும் காற்றோட்டமும்தான் அவற்றின் முதற்காரணங்கள். பகலில் ஒரு கல்லும் அவற்றைத் தொடாது என்பது கூடுதல் பலன். ஆனால் இருட்டியதும் அவை திறந்த வெளியில் நின்றே ஆக வேண்டும். வேலை தொடங்கும் நொடியில் பாதுகாப்பு விலகிவிடுகிறது. தன் தொழிலைச் செய்யும் எதற்கும் அடிபடும் வாய்ப்பு முழுமையாக நீங்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இயந்திரம் அரிது.

இனி பற்றின் பக்கம். அடிமையாயிருந்து விடுதலை பெற்று நிக்கோபோலிஸில் பாடம் சொன்ன ஸ்டோயிக் அறிஞர் எபிக்டெட்டஸ் தன் வீட்டில் இரும்பு விளக்கு ஒன்று வைத்திருந்தார். வீட்டுத் தெய்வங்களின் அருகே இருந்த அது ஓர் இரவு களவுபோனது. அவர் திருடனை ஏசவில்லை. நாளைக்கு ஒரு மண் விளக்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்தார். அவர் இறந்த பிறகு அவருடைய மண் விளக்கை ஒருவர், அதன் வெளிச்சத்தில் படித்தால் ஞானம் வரும் என்று நம்பி, 3000 திராக்மா கொடுத்து வாங்கியதாகப் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் லூசியன் எழுதுகிறார். இந்தக் கதையைப் பற்றறுப்புக்கு மட்டும் சான்றாகச் சொல்வது குறைவான வாசிப்பு. எபிக்டெட்டஸ் இருட்டில் உட்கார்ந்துவிடவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவர் விட்டது விளக்கை, வெளிச்சத்தை விடவில்லை. 3000 திராக்மா கொடுத்தவரோ வெளிச்சம் தரும் வேலையை மறந்து பொருளைப் பிடித்துக்கொண்டார்.

பற்றில்லாமை என்றால் கவனமில்லாமை என்று எண்ணுவதற்குப் பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளான விநயம் இடம் தரவில்லை. எல்லாம் நிலையற்றவை என்று போதிக்கும் அதே மரபு, துறவியின் பிச்சைப் பாத்திரத்தை எப்படிக் காக்க வேண்டும் என்று நுணுக்கமாக விதித்திருக்கிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கக் கூடாது. மேடையின் விளிம்பில் அதை வைக்கக் கூடாது. எடுத்துச் செல்ல ஒரு பை உண்டு. பழைய பாத்திரத்தில் ஐந்து ஒட்டுகளாவது விழும்வரை புதியதைக் கேட்டுப் பெறுவது குற்றம். இவ்விதிகளில் பொருளின் அழகைப் பற்றிய கவலை எதுவுமில்லை. பாத்திரம் உடைந்தால் கொடுப்போருக்கு மறுபடியும் சுமை என்ற அக்கறையை அவற்றில் காணலாம். நான்கு ஒட்டுப்போட்ட பாத்திரம் இன்னும் முழுப் பாத்திரமே, ஏனென்றால் அது சோற்றை ஏந்துகிறது.

1927 லெ மானில் மூன்றாம் எண் பென்ட்லி இதே தகுதியைப் பெற்றது. வெள்ளை மாளிகை எனப்படும் வளைவில் நடந்த பெருமோதலில் அதன் ஒரு முகப்பு விளக்கு நொறுங்கியது, முன்பகுதி நெளிந்தது. சாமி டேவிஸும் டட்லி பெஞ்சஃபீல்டும் அதை இரவெல்லாம் ஓட்டி வென்றனர். பிறகு லண்டன் சவாய் ஹோட்டலில் நடந்த வெற்றி விருந்துக்கு அந்தக் காரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வேலையில் பட்ட காயத்தை அந்த விருந்து குறையாக எண்ணவில்லை.

ஆனாலும் விளக்கின் எல்லாக் காயங்களும் அப்படிப் போற்றத்தக்கவை அல்ல. கல் குத்திய சிறு பள்ளங்கள் நிறைந்த கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கும். சாலையில் வெளிச்சம் குறையும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஒற்றை விளக்கோடு வரும் காரை இருட்டில் மோட்டார் சைக்கிள் என்று நினைத்துவிட முடியும். இங்கே சொந்தப் பொருளின் கவலை பிறர் உயிரின் கவலையாகிறது. யூத வேதத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுபவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. யாராவது விழுந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும். பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸ், உயிருக்கு ஆபத்தாகும் எல்லாவற்றையும் இந்த விதிக்குள் கொண்டுவந்தார். அந்த நோக்கில், பள்ளம் விழுந்த கண்ணாடியை மாற்றுவது ஆடம்பரம் ஆகாது. கருநிறப் படலத்தை விளக்கின்மேல் ஒட்டுவதுதான் தவறு. அது கல்லைத் தடுக்கலாம், காருக்கு மிடுக்கான தோற்றம் தரலாம். கொடுக்கும் விலை சாலையில் நடப்பவரின் பாதுகாப்பு.

இன்றைய விளக்குகளின் முன்பகுதி பெரும்பாலும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கண்ணாடியைப் போல அது நொறுங்காது. ஆனால் எளிதில் கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும். அதனால் அதன்மேல் கடினமான ஒரு பூச்சு உண்டு. அதற்கும் மேல் தெளிவான யூரிதேன் படலத்தை ஒட்டினால் அது கல்லின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். படலம் விளக்கோடு ஒட்டியே இருப்பதால் நடுவில் காற்று இல்லை. தனி மூடியைப் போல அது ஒளியைத் திருப்பிவிடுவதில்லை. மங்கும்போது உரித்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். காவல்களில் நியாயமானது இதுவே எனலாம், மங்கிய பிறகும் அதை விட்டுவைக்காத வரையில்.

எபிக்டெட்டஸின் வழி இன்று எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கார்களில் 1940 முதல் பொதுவாயிருந்த 178 மில்லிமீட்டர் வட்ட விளக்கு கிட்டத்தட்ட அவருடைய மண் விளக்குதான். எந்த நிறுவனத்தின் காருக்கும் பொருந்தும்; உடைந்தால் அதைக் கழற்றி இன்னொன்றைப் பொருத்திவிட்டுப் போகலாம். 1983இல் அங்கே விதி மாறி, காரின் வடிவத்துக்கேற்ற பிளாஸ்டிக் விளக்குகளுக்கு அனுமதி கிடைத்தது. இப்போது பல ஸ்போர்ட்ஸ் கார்களில் எல்.இ.டி.களும் மின்னணுப் பலகையும் சிறு மோட்டார்களும் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டு, முன்பகுதியும் நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு கல் அதில் விரிசல் விட்டால் பழுதில்லாத பாகங்களும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. அப்படிப்பட்ட விளக்கை வைத்திருப்பவர் அதைப் பொத்திக் காப்பதைப் பற்று என்று குறை சொல்ல முடியாது. முன்பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்ற வழி வைக்காமல் அதை வடிவமைத்தவர்தான் இங்கே பதில் சொல்ல வேண்டியவர்.