இருகண்ணும் ஒரு காட்சியும்

திருச்செங்கோட்டு மலைமீது எழுந்தருளிய அர்த்தநாரீசுவரப் பெருமானை வழிபடுவார், வலப்பாகத்தே ஆணுருவும் இடப்பாகத்தே பெண்ணுருவும் ஒருங்கே காண்பர். இரண்டும் வெவ்வேறிடத்தனவாகலின் அதன்கண் தடையில்லை. ஓரிடத்தே வலக்கண்ணிற்கு ஓருருவமும் இடக்கண்ணிற்கு வேறோருருவமும் தனித்தனி காட்டப்படின் உயிர் எதனைக் காணும்? இது விளையாட்டு வினாவன்று. ஐம்பொறி வேறு, அவற்றான் அறிவது வேறு என்று சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தின்வழி யாம் கூறிவரும் ஏதுவை இது நேரே தொடுகின்றது.

வீட்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் ஆடிகள் அமைந்த கருவியொன்றால் இதனை ஆராய்ந்து 1838-இல் வெளியிட்டார். இரண்டுருவும் கலந்து ஒன்றாவதில்லை. சில நொடி ஒன்று விளங்க மற்றது மறையும். பின் முறை மாறும். இடையே துண்டுதுண்டாய் விரவலும் உண்டு. ஐயுறுவார் ஒரு கண்முன் சிவப்புக் கண்ணாடித்தாளும் மறு கண்முன் பச்சைத்தாளும் பிடித்து வெண்சுவரை நோக்குக.

பொருள் மாறவில்லை, கண்ணும் மாறவில்லை, காட்சியே மாறுகின்றது. 'ஆகலின் காண்பது உயிரே' என்று நம்மவருட் சிலர் முடிவுகட்டுவர். அஃது அவசரமென்பதே எம் கருத்து. உலகாயதன் வாளாவிரான். ஷைன்பெர்க், லோகோதீட்டிஸ் என்னும் இருவர் குரங்குகளைப் பழக்கி ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டதில், நெற்றிப்பொட்டின் உட்பக்கத்து மூளைப்பகுதியில் சோதிக்கப்பட்ட நரம்பணுக்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது, அவ்வப்போது காணப்பட்ட உருவிற்கேற்பவே தொழிற்பட்டன. 'காட்சியோடு மாறுவது மூளையே. வேறோர் உயிர் எற்றுக்கு?' என்பான் அவன்.

உடனிகழ்தல் ஒன்று, அதுவேயாதல் மற்றொன்று. கட்டுநிலையில் உயிர் கருவியின்றி அறியாதென்பது நம் துணிபாகலின், காட்சி மாறுங்கால் கருவியும் மாறுதல் நமக்குப் புதிதன்று. ஆயினும் இதனாற் பெறப்படுவது எதிர்வாதம் முடிபெய்தவில்லை என்னும் அளவே. நம் கொள்கை நாட்டப்பட்டதென்பது மிகையாம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற தமிழராகிய வி. எஸ். இராமச்சந்திரன் மற்றொருவருடன் 1972-இல் வெளியிட்ட சோதனை பின்னும் நுட்பமுடையது. இரு கண்முன்னும் வேறுவேறு நிறத்தட்டுக்கள் நின்று நிறங்கள் தம்முட் போராடவும், புள்ளிப்படங்களில் முன்பின்னான ஆழம் தோன்றிற்று. ஆழம் இருகண் செய்தியும் கூடினாலன்றித் தோன்றாது. ஒரு கண்ணின் நிறம் மறைந்துழியும் அதன் செய்தி வீண்போகவில்லை. உயிர் அறியாதவழியும் கருவிகள் தொழில் செய்துகொண்டிருக்கின்றன.

இனி, நமக்கே உரிய கடா ஒன்றுண்டு. காண்பது உயிரெனின், தான் விரும்பிய உருவை அது நிறுத்திக்கொள்ளாததென்னை? முயல்வார் சிறிது நீட்டிக்கலாமன்றி மாறாமல் நிறுத்தல் இயலாது. ஆன்மா தானே விளங்கும் அறிவென்பார்க்கு இஃது இடர்ப்பாடே. காட்டினாலன்றிக் காணாததும், சார்ந்ததன் வண்ணமாவதும் உயிரின் இயல்பென்னும் நமக்கு இஃது இழுக்கன்று.

'முன் கண்டது அது, இப்போது காண்பது இது' என்று இரண்டனையும் தொடர்புபடுத்துவது ஒன்றாதல் வேண்டுமே எனின், அதுவும் மூளையின் நினைவென்பான் எதிரி. அந்நினைவு ஒருவனுக்கு உரியதாய் உணரப்படுவது எங்ஙனம் என்பதற்கு, நரம்பணுக்களை எண்ணிய அச்சோதனை விடை கூறவில்லை, கூறப் புகுந்ததுமில்லை.